காற்றைச் சக்கரத்தில் கட்டிய மிருக வைத்தியர்
மகனுக்குச் செய்த டயர் பந்தயத்தில் ஜெயித்த கதை

அம்பத்தூரில் வயதானவர்களிடம் டன்லப் என்று சொல்லிப் பாருங்கள். உடனே அவர்கள் முகம் மலரும். 1959-ம் ஆண்டில் அங்கே டன்லப் டயர் தொழிற்சாலை வந்தது. அந்த ஆலையை நம்பி ஏராளமான குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. இன்று ஆலை ஓடவில்லை. பெயர் மட்டும் மக்கள் வாயில் நிற்கிறது.

டன்லப் என்பது ஒரு மனிதரின் பெயர். அவர் என்ஜினீயர் அல்ல, வியாபாரியும் அல்ல. குதிரைக்கும் மாட்டுக்கும் மருந்து கொடுத்த மிருக வைத்தியர்!

இன்று உலகம் முழுவதும் சைக்கிளும், பஸ்ஸும், பந்தயக் காரும் காற்றின் மேல் ஓடுகின்றன. அதற்கு வழி செய்தவர் அவர்தான்.

விவசாயி வீட்டுப் பிள்ளை

ஜான் பாய்ட் டன்லப் 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி பிறந்தார். ஊர், ஸ்காட்லாந்து நாட்டில் உள்ள டிரெக்ஹார்ன். அவருடைய குடும்பம் விவசாயக் குடும்பம்.

எடின்பரோ நகரில் மிருக வைத்தியம் படித்தார். 19 வயதிலேயே பட்டம் பெற்றார். அந்த நகரிலேயே சில ஆண்டுகள் தொழில் செய்தார். பிறகு 1867-ம் ஆண்டில் கடல் கடந்து அயர்லாந்துக்குப் போனார்.

பெல்பாஸ்ட் நகரில் அவருடைய வைத்தியசாலை பெரிதாக வளர்ந்தது. அந்தக் காலத்தில் எல்லா வண்டிக்கும் குதிரைதான் வேண்டும். ஆகவே மிருக வைத்தியருக்கு வேலைக்குக் குறைவில்லை. 1871-ம் ஆண்டில் மார்கரெட் என்ற பெண்ணை மணந்தார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர்.

மகன் பட்ட பாடு

மகன் பெயர் ஜானி. அவனுக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. அதில் ஏறிக் கல் பாவிய தெருவில் ஓட்டினான். சக்கரம் கெட்டியானது. ஒவ்வொரு கல்லிலும் வண்டி தூக்கிப் போட்டது. உடம்பெல்லாம் குலுங்கியது.

மகன் படும் பாட்டைத் தகப்பனார் பார்த்தார். குலுங்காத சக்கரம் செய்ய முடியாதா என்று யோசித்தார். வைத்தியத் தொழிலில் ரப்பரைக் கையாண்ட பழக்கம் அவருக்கு இருந்தது. ரப்பர்க் குழாய்க்குள் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டினால் என்ன என்று தோன்றியது.

1887-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு வட்டப் பலகையை எடுத்தார். ரப்பர்த் தகட்டில் குழாய் செய்து, அதில் காற்றை அடைத்து, பலகையைச் சுற்றிப் பொருத்தினார்.

முற்றத்தில் நடந்த பந்தயம்

டன்லப் தம் வீட்டு முற்றத்தில் இரண்டு சக்கரங்களை உருட்டி விட்டார். ஒன்று, மகனுடைய சைக்கிளின் பழைய சக்கரம். மற்றொன்று, காற்று அடைத்த புதுச் சக்கரம்.

பழைய சக்கரம் பாதியிலேயே நின்று சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தைக் கடந்து ஓடி, வாசல் தூணில் மோதித் திரும்பி வந்தது!

டன்லப் வியந்தார். குலுக்கலைக் குறைக்கத்தான் அவர் நினைத்தார். வேகமும் கூடவே வந்துவிட்டது.

இதற்குக் காரணம் என்ன? கெட்டிச் சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறும்போது வண்டி முழுவதையும் தூக்க வேண்டும். அதில் பலம் வீணாகிறது. காற்று அடைத்த டயர் கல் பட்ட இடத்தில் மட்டும் அமுங்கிக் கொடுக்கிறது. வண்டி ஒரே சீராக ஓடுகிறது. மிதிக்கும் பலம் வீண் போவதில்லை.

அடுத்தபடியாக மகனுடைய சைக்கிளின் இரண்டு பின் சக்கரங்களிலும் காற்று டயர் ஏறியது. ஆம், முதலில் மாறியவை பின் சக்கரங்கள்தான்! பிறகு பெரிய சைக்கிளுக்கும் டயர் செய்து பார்த்தார். 1888-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி அரசாங்கம் அவருக்குக் காப்புரிமை வழங்கியது.

சிரித்தவர்கள் வாய் அடைத்தது

வில்லி ஹியூம் என்பவர் பெல்பாஸ்ட் சைக்கிள் சங்கம் ஒன்றின் தலைவர். காற்று டயர் போட்ட சைக்கிளை முதன்முதலில் விலை கொடுத்து வாங்கியவர் அவர். அதைப் பந்தயத்தில் ஓட்டும்படி டன்லப் யோசனை சொன்னார்.

1889-ம் ஆண்டு மே 18-ந் தேதி பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரியில் பந்தயம் நடந்தது. மற்றவர்களின் சைக்கிள்களில் மெல்லிய கெட்டி ரப்பர்ச் சக்கரங்கள். ஹியூமின் சைக்கிளிலோ தடித்துப் பருத்த டயர்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பு நீடிக்கவில்லை. நான்கு சைக்கிள் பந்தயங்கள். நான்கிலும் ஹியூமுக்கே வெற்றி! பிறகு லிவர்பூல் நகருக்குப் போனார். அங்கும் ஒன்றைத் தவிர மற்ற சைக்கிள் பந்தயங்களில் எல்லாம் ஜெயித்தார்.

தோற்றவர்களில் ஹார்வி டு குரோஸ் என்ற பெரிய மனிதரின் பிள்ளைகளும் இருந்தனர். தகப்பனார் கெட்டிக்காரர். ஜெயித்தது ஆள் மட்டுமல்ல, டயரும்தான் என்று கண்டுகொண்டார். டன்லப்புடன் சேர்ந்து டப்ளின் நகரில் கம்பெனி தொடங்கினார். டன்லப் தம் உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்து, பங்குகளைப் பெற்றுக்கொண்டார்.

இடி விழுந்தது

இரண்டு ஆண்டு கழித்து ஒரு செய்தி வந்தது. டன்லப்பின் காப்புரிமை செல்லாது!

ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-ம் ஆண்டிலேயே காற்று டயருக்கு உரிமை வாங்கியிருந்தார். லண்டனில் குதிரை வண்டியில் பூட்டி ஓட்டியும் காட்டினார். அப்போது சைக்கிள் பரவவில்லை. ஆகவே ஊர் அதை மறந்துவிட்டது. தாம்சனும் 1873-ம் ஆண்டில் காலமாகிவிட்டார். இந்த விவரம் டன்லப்புக்குத் தெரியாது.

கம்பெனி எப்படிப் பிழைத்தது? டன்லப் செய்த முதல் டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டது. பஞ்சர் ஆனால் பிரிப்பது பெரும்பாடு. சுலபமாகக் கழற்றி மாட்டும் டயருக்கு வேறு இருவர் வழி கண்டார்கள். கம்பெனி அந்த உரிமைகளை வாங்கித் தப்பியது. இன்று நம் தெரு முனைப் பஞ்சர் கடையில் கால் மணி நேரத்தில் வேலை முடிகிறது என்றால், அந்த இருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

1895-ம் ஆண்டில் டன்லப் கம்பெனியை விட்டு விலகினார். மறு ஆண்டே அந்தக் கம்பெனி 30 லட்சம் பவுனுக்குக் கைமாறியது! டன்லப்புக்குப் பெருஞ்செல்வம் சேரவில்லை. அவருடைய தாடி முகம் மட்டும் டயர் விளம்பரங்களில் உலகம் சுற்றியது. அவரோ ஒரு துணி வியாபாரத்தில் பங்கு வைத்துக்கொண்டு டப்ளினில் அமைதியாக வாழ்ந்தார். 1921-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி, 81-வது வயதில் காலமானார்.

பந்தயக் காரின் பின் டயர்

பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை வரும். அங்கே மோட்டார் பந்தயச் சாலை இருக்கிறது. கார்ப் பந்தயத்தில் டிராக் ரேஸ் என்று ஒரு வகை உண்டு. நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, நேர்ச்சாலையில் கால் மைல் ஓடுவது வழக்கம். அதாவது சுமார் 400 மீட்டர். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

பின் சக்கரங்களைச் சுழற்றி ஓடும் காரில், அந்தப் பந்தயத்தின் வெற்றி தோல்வி பின் டயரில் இருக்கிறது. கார் பாயும்போது பாரம் பின்பக்கம் சாய்கிறது. டயர் கெட்டியாக இருந்தால் பிடிப்பு இல்லாமல் நின்ற இடத்திலேயே சுழலும். எத்தனை குதிரைச் சக்தி இருந்தாலும் புகைதான் மிச்சம்.

ஆகவே அகலமான, மெதுவான ரப்பர் டயரைப் பின்னால் போடுகிறார்கள். காற்றையும் அளவோடு குறைக்கிறார்கள். டயர் அமுங்கித் தரையில் அதிகம் படிகிறது, பிடிப்பு கூடுகிறது. அதற்காக வேண்டியதற்கு மேல் பெரிய டயரைப் போட்டால், அதைச் சுழற்றவே என்ஜின் திணறும். காரின் எடைக்கும் என்ஜினின் பலத்துக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுப்பதே சாமர்த்தியம்.

இதைப் படித்துவிட்டு நம் வீட்டு வண்டியில் காற்றைக் குறைத்துவிடக் கூடாது! காற்றுக் குறைந்த டயர் நெடுந்தூரம் ஓடினால் சூடேறி வெடிக்கும். பந்தய டயரில் வரிப்பள்ளம் இராது. மழைத் தண்ணீரில் அது வழுக்கிவிடும். வரிப்பள்ளம் தேய்ந்த பழைய டயருக்கும் அதே ஆபத்துதான்.

பந்தயக்காரர் தேடுவது பிடிப்பு. டன்லப் தேடியது பிள்ளையின் சுகம். இரண்டையும் கொடுப்பது டயருக்குள் அடைத்த காற்றுதான்.

அடுத்த முறை சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது, மகன் குலுங்குவதைப் பொறுக்காத அந்த மிருக வைத்தியரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.