2 நாளில் ஜீப்பை வரைந்தவர்

ஜீப் வண்டியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பட்டாளத்திலும் போலீசிலும் காட்டு இலாகாவிலும் எஸ்டேட்டுகளிலும் அது ஓடாத பாதை இல்லை.

சாதாரணக் காரை 2 சக்கரங்கள்தான் தள்ளும். ஜீப்பில் 4 சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சேறு, மணல், மேடு, பள்ளம் எதற்கும் அது நிற்காது.

இந்த வண்டியை முதன் முதலில் காகிதத்தில் வரைந்தவர், கார்ல் புரோப்ஸ்ட் என்ற அமெரிக்க இஞ்சினீயர். அதற்கு அவர் எடுத்துக் கொண்ட நேரம் 2 நாள்!

கார் கம்பெனிகளில் வேலை

புரோப்ஸ்ட் 1883-ம் ஆண்டு அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இஞ்சினீயரிங் படித்து, 1906-ல் பட்டம் பெற்றார்.

அப்போதுதான் மோட்டார் கார் தொழில் வளரத் தொடங்கியிருந்தது. பல கம்பெனிகளில் வேலை பார்த்த அவர், பிறகு கார் நகரமான டெட்ராயிட்டில் சொந்தமாகத் தொழில் நடத்தினார். வயது 50-ஐத் தாண்டிவிட்டது. கார் உலகத்துக்கு வெளியே அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

49 நாள் கெடு

1940-ம் ஆண்டு ஜெர்மன் படைகள் பிரான்சைப் பிடித்தன. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. ஆனாலும் ராணுவம் தயாராகத் தொடங்கியது.

குதிரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பதிலாக ஒரு சிறிய வண்டி வேண்டும் என்று ராணுவம் நினைத்தது. அதன் எடை 1,300 பவுண்டுக்குள், அதாவது 590 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மாதிரி வண்டியை 49 நாளில் கொடுக்க வேண்டும். மொத்தம் 70 வண்டிகளை 75 நாளில் முடிக்க வேண்டும்.

நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்குக் கடிதம் போயிற்று. முன்வந்தவை இரண்டே இரண்டு. ஒன்று வில்லிஸ் கம்பெனி. மற்றொன்று, பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த பாண்டம் கம்பெனி.

பாண்டம் சின்னக் கார்கள் செய்து நொடித்துப் போயிருந்த கம்பெனி. பணம் இல்லை. படம் வரைய இஞ்சினீயரும் இல்லை. புரோப்ஸ்டைக் கூப்பிட்டார்கள். ராணுவ ஆர்டர் கிடைத்தால்தான் சம்பளம் என்றார்கள்!

அவர் முதலில் மறுத்துவிட்டார். நாட்டின் போர்த்தளவாட உற்பத்தியைக் கவனித்து வந்த நட்சன் அவருக்குச் சொல்லி அனுப்பினார். அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை.

இரவும் பகலும்

ஜூலை 17-ந் தேதி புரோப்ஸ்ட் தமது காரில் பட்லருக்குப் புறப்பட்டார். வழியில் டொலிடோ என்ற ஊரில் இறங்கி, அச்சு செய்யும் கம்பெனிக்காரர்களிடம் பேசினார். முன் சக்கரங்களையும் இழுக்க வைக்கும் அச்சு கிடைக்காவிட்டால் வண்டியே இல்லை. அது அவருக்குத் தெரியும்.

மறுநாள் வியாழக்கிழமை வரையத் தொடங்கினார். வெள்ளி இரவுக்குள் முழு வண்டியும் காகிதத்தில் வந்துவிட்டது. சனிக்கிழமை செலவுக் கணக்கு. திங்கட்கிழமை, 22-ந் தேதி, டெண்டர்.

எடைதான் இடித்தது. புரோப்ஸ்டின் கணக்குப்படி வண்டி 1,800 பவுண்டைத் தாண்டியது. ஆனால் 1,300-க்குள் அடங்கும் என்றே டெண்டர் தாளில் எழுதினார்கள். உள்ளதை எழுதியிருந்தால் தாள் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும்! அந்த எடையில் அப்படி ஒரு வண்டியை யாராலும் செய்ய முடியாது என்பதைப் பிறகு ராணுவமே ஒப்புக்கொண்டது.

வில்லிஸ் கேட்ட விலை குறைவு. ஆனால் மாதிரிக்கே 75 நாள் வேண்டும் என்றார்கள். தாமதத்துக்கு அபராதம் சேர்த்துப் பார்த்தபோது பாண்டமே மலிவாக வந்தது. ஆர்டர் பாண்டமுக்குக் கிடைத்தது.

அரை மணி மிச்சம்

தொழிற்சாலையில் இரவு பகலாக வேலை நடந்தது. கடைகளில் கிடைத்த சாமான்களையும் மற்றக் கார்களின் பாகங்களையும் வாங்கி வெட்டி ஒட்டி வண்டியைச் செய்தார்கள்.

செப்டம்பர் 23-ந் தேதி மாலை 5 மணி கெடு. பால்டிமோர் நகருக்கு அருகே ராணுவ முகாம். 200 மைலுக்கு மேல் பயணம். தொழிற்சாலைத் தலைவர் ஹெரால்டு கிரிஸ்டுடன் புரோப்ஸ்டே வண்டியில் ஏறிப் புறப்பட்டார். வண்டி புதியது என்பதால் வழியில் வேகமாக விரட்டவும் பயம். மாலை 4½ மணிக்கு முகாம் வாசலில் போய் நின்றார்கள்!

எடை அதிகமாயிற்றே என்ற கேள்வி அங்கே வந்தது. 2 பேர் சேர்ந்து பள்ளத்திலிருந்து தூக்க முடிந்தால் போதும் என்றாராம் ஒரு குதிரைப்படை அதிகாரி. சொன்னவர், தாமே வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்துத் திருப்தி அடைந்தார் என்று புரோப்ஸ்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பிறகு சோதனை. 3,000 மைலுக்கு மேல், பெரும்பாலும் கரடுமுரடான பாதையில் அடித்து ஓட்டினார்கள். சட்டம் உடைந்தது. ஆனால் வண்டி தேறிவிட்டது.

படம் கைமாறியது

இங்கேதான் கதை திரும்புகிறது. சோதனையைப் பார்க்க வில்லிஸ், போர்டு கம்பெனிக்காரர்களும் வந்திருந்தார்கள். பாண்டம் சின்னக் கம்பெனி, லட்சக்கணக்கில் வண்டி செய்ய அதனால் முடியாது என்று ராணுவம் கருதியது. வரைபடங்களை மற்ற இருவருக்கும் கொடுத்துவிட்டது.

நவம்பரில் அவர்களுடைய மாதிரிகளும் வந்தன. வில்லிஸ் வண்டியில் 60 குதிரைச் சக்தி இஞ்சின். பாண்டமில் 45 தான். 1941-ல் பெரிய ஆர்டர் வில்லிசுக்குப் போயிற்று. போர்டும் அதே வண்டியைச் செய்தது. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்து குவித்தன.

பாண்டம் செய்தது 2,700-க்கும் குறைவு. பிறகு அதற்குக் கிடைத்த வேலை, ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கும் டிரெயிலர் செய்வது!

ஜீப்பை உண்டாக்கியது தாங்களே என்று வில்லிஸ் விளம்பரம் செய்தது. அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 1943-ல் இதன் பேரில் வழக்குத் தொடர்ந்தது. ராணுவ அதிகாரிகளுடன் சேர்ந்து ஜீப்பை உருவாக்கியது பாண்டமே என்று 1948-ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்து என்ன பயன்? 1950-ல் ஜீப் என்ற பெயரே வில்லிசின் வியாபார முத்திரையாகப் பதிவாகிவிட்டது.

மிஞ்சிய வண்டிகள்

போர் முடிந்ததும் மிஞ்சிய ஜீப்புகளை அரசாங்கம் விற்றது. விவசாயிகள் வாங்கினார்கள். பிலிப்பைன்ஸ் மக்கள் அவற்றை நீளமாக்கி, வர்ணம் பூசி, ஜீப்னி என்ற வாடகை வண்டியாக்கினார்கள். இந்தியாவில் மகீந்திரா கம்பெனி வில்லிசிடம் உரிமை பெற்று ஜீப் தயாரித்தது.

பெட்டியில் அடைத்த புது ஜீப் 50 டாலருக்குக் கிடைக்கும் என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் பல வருஷம் விளம்பரம் வந்தது. பணம் அனுப்பியவர்களுக்கு வந்து சேர்ந்தது, ஏலம் எடுப்பது எப்படி என்ற துண்டுப் பிரசுரம்தான்!

இன்று அந்தப் பழைய ஜீப்புகளுக்குத் தனி மதிப்பு. வாங்குகிறவர் முதலில் கீழே குனிந்து பார்க்கிறார். முன்பக்கக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த யூ என்ற ஆங்கில எழுத்துப் போல இருந்தால் போர்டு. போர்டு வண்டியில் போல்ட்டுகளிலும்கூட எஃப் என்ற ஆங்கில எழுத்து இருக்கும்.

இரண்டின் பாகங்களும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். அதனால் ராணுவப் பட்டறைகளில் கலந்து கட்டிவிட்டார்கள். கலப்பில்லாத வண்டி கிடைப்பது அபூர்வம். புது பாடியும் புதுத் தகடும் செய்து விற்கிறவர்களும் உண்டு. ஆகவே பாடியின் பளபளப்பை நம்பாமல், சட்டத்தில் உள்ள நம்பரைப் பார்த்தே விலை பேசுகிறார்கள்.

பாண்டம் வண்டி என்றால் விலையே வேறு. அவ்வளவு அபூர்வம்.

புரோப்ஸ்ட் 1963-ல் காலமானார். அவர் ஓட்டிச் சென்ற முதல் வண்டி இன்று இல்லை. ராணுவத்துக்குச் செய்த அந்த 70 வண்டிகளில் 7-வது வண்டி மட்டும் மிஞ்சி, அமெரிக்க அரசின் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக இருக்கிறது. அதற்குத் தாத்தா என்று செல்லப் பெயர். 2011-ல் பட்லர் ஊரில் ஜீப் திருவிழா நடத்தினார்கள். பல ஊர்களிலிருந்தும் வந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜீப்புகள் அன்று அந்தத் தெருக்களில் ஊர்வலமாகப் போயின.