நடுங்கியவன் எல்லாம் பொய்யனா?

புதுவை என்றதும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பேசுவர். பேசட்டும், நமக்கும் பெருமைதான்! ஆனால் அவருடைய தந்தை திருவேங்கடம் பிள்ளையைப் புதுவைக்கு அழைத்த மைத்துனர் நயினியப்ப பிள்ளையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சென்னைப் பக்கமிருந்து வந்த வணிகர் அவர். துணி வாங்க வந்த பிரெஞ்சுக் கம்பெனிக்கு நெசவாளரையும் தெரியாது, நம் மொழியும் தெரியாது. இடையிலே நின்று வாணிபத்தை நடத்திக் கொடுத்தார் நயினியப்பர். 1708இல் கம்பெனியின் தலைமைத் தரகரானார். அந்தப் பதவியில் ஒரு கிறித்தவரே அமரவேண்டுமென்று ஏசு சபைப் பாதிரிமார் விடாது வற்புறுத்தினர். 1715இல் ஆட்சியாளர் வழிபாட்டிலே கைவைத்தபோது, உழைப்பாளரும் வணிகரும் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறினர். தூண்டியவர் நயினியப்பரே என்று பழி! 1716 பிப்ரவரியில் ஆளுநர் எபேர் அவரைச் சிறையிலிட்டார்.

விசாரணை நடந்த அழகைக் கேளுங்கள். சாட்சிகள் சொன்னது தமிழில். அதைப் போர்த்துகீசியத்தில் பெயர்த்தவர், அதே பாதிரிமாரின் உபதேசியாருடைய மகன்! பிறகு பிரெஞ்சிலே ஏறியது ஏட்டில். என்ன எழுதியிருக்கிறது என்றே அறியாமல் கையெழுத்திட்டனர் சாட்சிகள். நயினியப்பருக்கு வாதாட வழக்கறிஞரும் இல்லை. ஜூன் மாதம் தீர்ப்பு: கடைவீதியில் 50 சவுக்கடி, மூன்றாண்டுச் சிறை, பெருந்தொகைத் தண்டம், சொத்துப் பறிமுதல். 1717இல் சிறையிலேயே மாண்டார்.

அன்று பொய் கண்டறியும் கருவி இருந்திருந்தால் தப்பியிருப்பாரே என்பார் உண்டு. தப்பியிருப்பாரா? அந்தக் கருவி அளப்பது மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், தோலின் வியர்வை ஆகியவற்றை. பொய்யை அல்ல! சவுக்கு காத்திருக்கும்போது குற்றமற்றவனுக்கும் நெஞ்சு படபடக்காதா? பழகிய பொய்யனோ பதறாமல் உட்கார்ந்திருப்பான். முன்னாளில் சந்தேகத்துக்குரியவனை அரிசி மெல்லச் சொல்வார்களாம். வாய் உலர்ந்து அரிசி நனையாவிட்டால் அவன்தான் திருடன்! அந்த அரிசிக்கு மின்கம்பி பூட்டியதுதான் இந்தக் கருவி. அச்சத்துக்கென்று ஒரு துடிப்பு, பொய்க்கென்று வேறொரு துடிப்பு என உடலில் இல்லை. அமெரிக்க அறிவியலார் குழுவும் ஆராய்ந்து, இதை நம்பி ஆளைத் தேர்வது ஆபத்தென்று 2003இல் அறிக்கை தந்தது. நம் உச்சநீதிமன்றம் செல்வி வழக்கில், 2010 மே 5ஆம் நாள், ஒருவர் இசைவின்றி இச்சோதனை நடத்துவது அரசியல் சட்டத்துக்கு மாறானது என்றது. இசைந்து உட்கார்ந்தாலும் அதன் முடிவு மட்டும் சான்றாகாது. போலீஸ் நிலையத்துக்கு அழைக்கப்படும் தோழர்கள் இதை அறிந்திருக்கவேண்டும். காக்கிச் சட்டையைக் கண்டாலே கைகால் உதறும் ஏழைக்கு, இசைவு தர மறுக்கும் உரிமை சட்டப்படி உண்டு.

நயினியப்பர் வழக்கிலே உண்மை வெளிவந்தது எப்படி? பிள்ளைகளும் நண்பர்களும் பிரான்சு வரை முறையிட்டனர். எபேர் பதவியிழந்தார். சாட்சிகளை மறுபடி அழைத்து, நீ அன்று என்ன சொன்னாய் என்று கேட்டார்கள். ஏட்டில் இருந்தது தங்கள் சொல்லல்ல என்றனர் அவர்கள்! தீர்ப்பு கவிழ்ந்தது. மகன் குருவப்பர் பிரான்சு சென்று, மதம் மாறி, செவாலியர் பட்டத்தோடு திரும்பினார். 1722இல் தந்தை இருந்த அதே தரகர் பதவியில் அவரை அமர்த்தினார்கள்.