கிரின்லிங் கிப்பன்ஸ் என்னும் மரச்சிற்பி

மாளிகைச் சுவர்களை அணிசெய்யும் முறைகள் பல. வண்ணந் தீட்டுவர், பொன்னிலை ஒட்டுவர், பட்டுத்திரை தொங்கவிடுவர். மரத்தை மரமாகவே நிறுத்தி, அதன் இயற்கை நிறமே அழகாய் விளங்கச் செய்தவர் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவராக யாம் கருதுபவர் கிரின்லிங் கிப்பன்ஸ்.

இவர் 1648ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள், ஒல்லாந்து தேசத்து ராட்டர்டாம் நகரில், ஆங்கிலப் பெற்றோர்க்கு மகனாய்ப் பிறந்தார். ஏறத்தாழப் பத்தொன்பதாம் வயதில், அஃதாவது எம்மிற் பலர் இப்பொழுது எய்தியிருக்கும் வயதில், இங்கிலாந்து சேர்ந்தார். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் வெந்த இலண்டன் மீண்டும் எழுந்துகொண்டிருந்த காலம் அது. எனினும் இவ்விளைஞரைத் தேடி ஒருவரும் வந்திலர். யார்க் நகரிற் சிறிது காலம் உழைத்தபின், இலண்டனை அடுத்த டெட்போர்டில், வயல் நடுவே தனித்திருந்த ஒரு கூரைவீட்டில் தங்கித் தொழில் புரிந்தார்.

1671ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஜான் ஈவ்லின் என்னும் அறிஞர் அவ்வழியே நடந்து சென்றார். மரவளர்ப்பைப் பற்றிப் பெருநூல் எழுதிய அவர், சாளரத்தின் வழியே உள்ளே நோக்கினார். வெனிஸ் நகர ஓவியர் தின்தொரேத்தோ வரைந்த கிறிஸ்து நாதரின் சிலுவைக் காட்சியை ஓர் இளைஞர் மரத்திற் செதுக்கிக்கொண்டிருக்கக் கண்டார். அதில் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் இருந்தன. விலை யாதென வினவ, நூறு பவுன் என்றார் சிற்பி. ஈவ்லின் அவரை இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் அழைத்துச் சென்றார். மன்னர் வியந்தார். அரசியாரோ, ஆடை அணி விற்கவந்த ஒரு பிரெஞ்சு மாது குறை கூறக் கேட்டு, அதனை வேண்டாமென விடுத்தனர். பின்னர் அது வேறொருவர்க்கு எண்பது பவுனுக்கு விலைபோயிற்று. விசிறி விற்பவளின் சொல் சிற்பத்தை அளக்கும் கோலாயிற்று!

ஆயினும் வாயில் திறந்துவிட்டது. விண்ட்சர் அரண்மனை, ஹாம்ப்டன் கோர்ட்டு அரண்மனை, கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரி நூலகம், இலண்டன் பரிசுத்த பவுல் பேராலயத்துப் பாடகர் இருக்கைகள் என இவர் கைபட்ட இடங்கள் பல. பெட்வர்த் மாளிகையில் இவர் அணிசெய்த அறை இன்றும் காண்பாரை மலைக்கச் செய்வது. பூவும் கனியும், பறவையும் மீனும், யாழும் குழலும் கொத்துக் கொத்தாய்ச் சுவரினின்று தொங்குகின்றன.

இவர் விரும்பி எடுத்தது லைம் மரம். பெயர் கேட்டு எலுமிச்சை என மயங்கற்க. அது வேறு இனம். வெளிறிய நிறமும் மென்மையும் நெருங்கிய இழையும் உடைய அம்மரம், நெடுக்கிலும் குறுக்கிலும் உளிக்கு இணங்குவது. இவர் சிற்பத்தைப் பல அடுக்குகளாகத் தனித்தனியே செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார். இதழ்களைப் பின்புறம் குடைந்து மெலிதாக்குவார். பிறகு, கரிய ஓக் பலகைகளின்மீது, வண்ணமும் வார்னிஷும் இன்றி அமைத்துவிடுவார். கரும்பலகையில் வெண்மலர் பூத்தாற்போல் அறை முழுவதும் ஒளிரும். வேறு வண்ணம் எதற்கு?

இவ்வாற்றலுக்கு ஒரு சான்று: லேஸ் என்னும் பின்னல் துணியாலான கழுத்தணி ஒன்றை மரத்தில் இழையிழையாகச் செதுக்கினார். 1769ஆம் ஆண்டில் ஹொரேஸ் வால்போல் என்பார் அம்மரக் கழுத்தணியை அணிந்து அயல்நாட்டு விருந்தினரை வரவேற்றார். இவர் சிற்பங்களிற் காணும் பட்டாணிக் காய் விரிந்திருந்தால் கூலி கிடைத்ததென்றும், மூடியிருந்தால் கிடைக்கவில்லையென்றும் கூறுவது கட்டுக்கதை. வெண்கலத்தும் கல்லினும் இவர்பெயரால் வெளிவந்த உருவங்கள் மரவேலைக்கு ஈடாகா என்பது எம் கருத்து.

1693இல் அரச மரச்சிற்பியாக நியமனம் பெற்றார். 1702இல் இவர் குடியிருந்த வீடு இடிந்து வீழ்ந்தும் குடும்பத்தார் உயிர் தப்பினர். 1721ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் காலமானார்.

அவர் மறைந்தபின் நேர்ந்ததே எமக்கு வருத்தம் தருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டினர், உளுப்பினின்று காத்தல் கருதியும், கருமையே பழமைக்கு அழகென எண்ணியும், அச்சிற்பங்கள் பலவற்றின்மேல் சாயமும் வார்னிஷும் மெழுகும் ஏற்றினர். வெண்மலர் பழுப்பாயிற்று, பலகையும் பூவும் ஒரே நிறமாயின. காண வந்தோர் கிப்பன்ஸின் கைத்திறத்தைக் கண்டனர். அவர் கருதிய காட்சியைக் கண்டிலர்.

1986ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் ஹாம்ப்டன் கோர்ட்டு அரண்மனையில் தீ எழுந்தது. ஏழடி நீளமுள்ள ஒரு சிற்பத் தொங்கல் அதில் அழிந்தது. அதற்கு ஈடாக ஒன்றைச் செதுக்க அமெரிக்கச் சிற்பி டேவிட் எஸ்டர்லி அழைக்கப்பெற்றார். அவ்வொன்றுக்கே ஓராண்டு சென்றது. எஞ்சிய சிற்பங்களைச் சுவரினின்று இறக்கி அவர் ஆராய்ந்தபொழுது, மேற்பரப்பில் நுண்ணிய கீறல்கள் தென்பட்டன. மணற்பொருள் செறிந்த ஒருவகைப் பூண்டின் தண்டுகொண்டு கிப்பன்ஸ் மரத்தைத் தேய்த்து மெருகிட்ட தடங்கள் அவை என அவர் தெளிந்தார். அம்மெருகுக்குமேல் கிப்பன்ஸ் வேறொன்றும் பூசினாரல்லர்.