பனிக்கடலின் அடியில் வெப்பம் கண்டவர்

வடதுருவம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது வெண்பனியே. அப்பனியின் அடியில் வெப்பமான நீரோட்டம் ஒன்று செல்கிறது என்றால் வியப்பாக இல்லையா? அதை அளந்து அறிந்தவர் நார்வே நாட்டு மேதை பிரிட்ஜாஃப் நான்சென்.

இவர் இன்று ஆஸ்லோ எனப்படும் நகரின் அருகே 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பிறந்தார். பனிச்சறுக்கில் வல்லவர், விலங்கியல் பயின்றவர். 1888இல் ஐந்து தோழர்களுடன் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்து புகழ்பெற்றார்.

1881இல் சைபீரியாவுக்கு வடக்கே ஜெனட் என்னும் கப்பல் பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து அதன் சிதைவுகள் கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கின. அப்படியானால் பனியே நகர்கிறது என்று நான்சென் உணர்ந்தார். பனியில் உறைந்து, அதனோடு மிதந்து செல்ல ஒரு கப்பல் கட்டத் துணிந்தார். இது தற்கொலைக்கு ஒப்பானது என்று அனுபவசாலிகள் பலர் எச்சரித்தனர். அவரோ பனி நெருக்கினால் நசுங்காமல் மேலெழும்பும்படி, உருண்ட அடிப்பகுதியுடன் ஃபிராம் என்ற கப்பலைக் கட்டுவித்தார்.

1893இல் பதின்மூவர் புறப்பட்டனர். ஆழமற்றது என அறிஞர்கள் எண்ணியிருந்த அக்கடல் 3,000 மீட்டருக்கும் மேல் ஆழமாக இருந்தது! அளக்கக் கயிறு போதாமல், எஃகு வடத்தைப் பிரித்து முறுக்கிக் கயிறு செய்தனர். மேலே கடுங்குளிர் நீர். ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழேயோ சுழியத்துக்கு மேற்பட்ட வெப்பமுள்ள நீர். இது எப்படி? அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் நீரில் உப்பு மிகுதி. ஆகவே அது கனமானது. ஆற்றுநீரும் உருகிய பனியும் கலந்த மேல்நீரில் உப்பு குறைவு, அது இலேசானது. எனவே வெப்பநீர் அடியில் தங்க, குளிர்நீர் போர்வைபோல் மேலே பரவிப் பனியைக் காக்கிறது.

1895இல் நான்சென் ஒரு தோழருடன் துருவத்தை நோக்கி நடந்தார். 86 பாகையைச் சற்றே கடந்தபின் மேலும் செல்ல முடியாமல் திரும்பினார். வெற்றியைவிட உயிர் பெரிதென அறிந்த விவேகம் அது! கரடி இறைச்சியுண்டு, கற்குடிலில் மாரிக்காலத்தைக் கழித்தனர். 1896இல் பதின்மூவரும் நலமாக நாடு திரும்பினர்.

முதல் உலகப் போருக்குப்பின் நாடிழந்தோருக்குப் பல நாடுகள் ஏற்கும் கடவுச்சீட்டைப் பெற்றுத் தந்தார். போர்க்கைதிகள் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோரை வீடு சேர்த்தார். உருசியப் பஞ்சத்தில் பசித்தோருக்கு உணவு திரட்டினார். 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரை அடைந்தது. 1930 மே 13இல் மறைந்தார்.

இன்று வடகடலின் கிழக்குப் பகுதியில் அக்குளிர்நீர்ப் போர்வை நலிந்து வருகிறது. அடிவெப்பம் மேலேறிப் பனியை உருக்குகிறது. இம்மாற்றத்தை உணர அன்று அவர் எடுத்த அளவுகளும் உதவுகின்றன. தோழியரே, பொறுமையுடன் உண்மையைத் தேடுவோம். அவரைப்போல் அல்லற்படுவோர்க்கும் கைகொடுப்போம்.