பினாங்கு தந்த பெருமருத்துவர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால் கண்ணுக்குத் தெரிவது நீலக்கடல் ஒன்றே. ஆயினும் தஞ்சைத் தரணியில் பிறந்தவர்களின் உள்ளத்துக்கு அக்கடலின் மறுகரையும் தெரியும். இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025ஆம் ஆண்டளவில் சென்று வென்ற கடாரம் அங்கேதான் இருக்கிறது. கடாரக் கரையை ஒட்டி, ஒரு சிறு நீரிணைக்கு அப்பால் கிடக்கும் தீவே பினாங்கு. ஆறு பொய்த்து, வயல் வெடித்து, கூலி அற்றுப்போன காலங்களில் நம் காவிரிக்கரைக் கிராமங்களிலிருந்து எத்தனையோ பேர் நாகையில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். என் பாட்டனாரின் தமையனும் அவர்களுள் ஒருவர். இறங்கியவர்களை அப்படியே ஊருக்குள் விட்டுவிடவில்லை. ஜெரஜாக் என்னும் சின்னஞ்சிறு தீவில் தங்கவைத்து, அம்மையோ வாந்திபேதியோ தொற்றவில்லை என்று உறுதியான பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். தனிமைப்படுத்தல் என்னும் சொல் 2020ஆம் ஆண்டில்தான் நமக்கு அறிமுகமானது என்று எண்ணுகிறோம். நம் முன்னோர் அதன் பெயர் அறியாமலே அதை அனுபவித்தவர்கள்.

அந்தப் பினாங்குத் தீவில் 1879ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், தென்சீனத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு பொற்கொல்லரின் வீட்டில் பிறந்தவரே டாக்டர் வூ லியன் தே. நோய்ப் பரவலைத் தடுக்க முகத்தில் துணி கட்டுவதையும், இரயிலை நிறுத்துவதையும், ஊரைப் பகுதி பகுதியாக அடைப்பதையும் ஓர் அரசின் முறையான வேலையாக ஆக்கிக் காட்டிய பெருமை இவரைச் சாரும். 2020இல் நாம் பட்ட பாடுகளின் தொடக்கத்தைத் தேடிப்போனால் இவர் வாழ்க்கையில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆதலின் இம்மலரில் அவரைப் பற்றி எழுத விழைந்தேன்.

பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் பயின்ற வூ, 1896இல் அரசியார் உதவித்தொகையை வென்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற முதல் சீனர் அவரே. பின்னர் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனை, லிவர்பூல், ஜெர்மனியின் ஹாலே நகர், பாரிஸின் பாஸ்டர் நிலையம் என்று கற்க வேண்டியவற்றையெல்லாம் தேடித் தேடிக் கற்றார். லிவர்பூலில் அவருக்கு ஆசானாக வாய்த்தவர், மலேரியாவைக் கொசு பரப்புவதை நம் சிகந்தராபாத்தில் கண்டறிந்த ரொனால்டு ராஸ்.

இத்தனை பட்டங்களோடு 1903இல் ஊர் திரும்பியவருக்குக் கிடைத்தது என்ன? ஆங்கிலேயரின் குடியேற்ற மருத்துவத் துறையில் உயர்பதவி வெள்ளையருக்கு மட்டுமே உரியது. கேம்பிரிட்ஜில் முதல்வனாக நின்றாலும் மஞ்சள் நிறத்தவனுக்கு இடமில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய என்னைப் போன்றவர்களுக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது நெஞ்சில் ஏதோ தைக்கிறது. வூ பினாங்கின் சூலியாத் தெருவில் தனியாக மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறித்த பெயர். நம்மவர் பெயர் தாங்கிய தெருவில்தான் அவர் தொழில் தொடங்கியது.

தொழில் மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் செல்வம் சேர்ந்திருக்கும். ஆனால் அபினியை எதிர்த்துப் போராடினார். அபினி வரியே அரசின் பெருவருவாயாக இருந்த காலம் அது. 1907இல் அவருடைய மருந்தகத்தைச் சோதனையிட்டு, சிறிதளவு அபினிக் கரைசல் வைத்திருந்தார் என்று அவர்மீதே வழக்குத் தொடுத்து அபராதம் விதித்தார்கள். அபினி ஒழிப்புச் சங்கம் கண்டவருக்கு அபினிக் குற்றவாளிப் பட்டம்! இதன் பின்னரே, சீன அரசின் அழைப்பை ஏற்று, 1908இல் டியன்ட்சின் இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநரானார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் வடசீனத்தின் மஞ்சூரியாவில் ஒரு கொள்ளைநோய் புகுந்தது. அதன் வரலாறு விலங்கியல் மாணவனாகிய என்னை மிகவும் ஈர்ப்பது. மார்மட் என்பது புல்வெளியில் வளை தோண்டி வாழும் கொறிவிலங்கு. ஐரோப்பியச் சந்தையில் அதன் தோலுக்கு விலை ஏறியது. பழக்கப்பட்ட வேட்டைக்காரர்கள் நோயுற்று மந்தமாக நடக்கும் மார்மட்டைத் தொடமாட்டார்கள். விலையேற்றத்தால் இழுக்கப்பட்டுத் தெற்கிலிருந்து வந்த ஏழைக் கூலிகளுக்கு அந்த நுட்பம் தெரியாது. எளிதில் அகப்பட்டதைப் பிடித்தார்கள். நோயையும் சேர்த்துப் பிடித்தார்கள். குளிருக்கு அஞ்சிச் சத்திரங்களில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் காலமும் வந்தது. பொங்கலுக்கு ஊர் திரும்பும் கூட்டத்தை எண்ணிக்கொள்ளுங்கள். நோய் இரயிலேறிய விதம் விளங்கும்.

டிசம்பர் 24ஆம் நாள், ஒரே ஒரு மூத்த மாணவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வூ ஹார்பின் நகரில் இறங்கினார். வயது 31. மூன்று நாட்கள் கழித்து, இறந்துபோன ஒரு சத்திரக்காரப் பெண்மணியின் உடலைச் சத்தமில்லாமல் அறுத்துப் பார்த்தார். பிணத்தை அறுப்பது அந்நாட்டு வழக்கத்துக்கு முற்றிலும் மாறானது. செய்தி வெளியே போயிருந்தால் அவர் உயிருக்கே உத்தரவாதமில்லை. நுண்நோக்கியின் கீழே பிளேக் கிருமி கிடைத்தது.

பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும் என்பது அன்றைய அறிவியலின் முடிவு. பம்பாயில் 1896 முதல் இலட்சக்கணக்கானோர் மடிந்ததை ஆராய்ந்து பெறப்பட்ட முடிவு அது, தவறானதும் அன்று. ஆனால் ஹார்பினில் எலிகளை அறுத்துப் பார்த்தவர்களுக்கு நோய் அகப்படவில்லை. இறந்தவர்களுக்கு அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டவில்லை; நெஞ்சு அடைத்து, இரத்தமாகத் துப்பி இறந்தார்கள். இது நுரையீரலில் குடிகொண்ட பிளேக், மூச்சுவழியாக மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுகிறது என்று வூ துணிந்தார். மூச்சுவழி வருவதற்கு மூக்கையும் வாயையும் மூடுவதுதானே வழி?

அவர் செய்த கவசத்தில் வித்தை ஒன்றுமில்லை. காயம் கட்டும் சல்லாத்துணியை மூன்றடி நீளத்துக்கு வெட்டி, நடுவே தட்டையாகப் பஞ்சு வைத்து மடித்து, இரு முனைகளையும் மூன்று மூன்று வால்களாகக் கிழித்து, காதுக்கு மேலும் கீழும் உச்சந்தலையிலுமாக இறுகக் கட்டிக்கொள்வது. எங்கும் கிடைக்கும் பொருள், சில காசு விலை, ஏழையும் கட்டலாம். அறுவை மருத்துவர்கள் அதற்கு முன்பே முகத்தை மூடியதுண்டு. அது நோயாளியைக் காப்பதற்காக. வீதியில் நடப்பவனும் வண்டியோட்டியும் பிணம் தூக்குபவனும் காவலனும் கட்ட வேண்டும் என்று சொன்னதே வூவின் புதுமை. இன்றைய என்95 கவசத்தின் பாட்டன் இதுவே என்று பலர் எழுதுகிறார்கள். நேர்வழி வாரிசு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உறவு உண்டு.

கவசத்தை மறுத்தவர்கள் கல்லாதவர்கள் அல்லர் என்பதே இந்த வரலாற்றின் விந்தை. ஜெரால்டு மெஸ்னி என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், ஹார்பினுக்கு வந்தார். ஓர் இளஞ்சீனன் தனக்குப் பாடம் சொல்வதா என்று சினந்து, கவசமில்லாமலே நோயாளிகளைச் சோதிக்கச் சென்றார். 1911 ஜனவரி 11ஆம் நாள் அவர் இறந்தார். அதன்பின் ஹார்பினில் கவசமில்லாத முகத்தைக் காண்பது அரிதாயிற்று. அதே துணி, அதே பஞ்சு. ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் இறந்த பிறகே அதற்கு மதிப்பு வந்தது.

இனி அரசின் வேலை. நோய் கடுமையாக இருந்த ஃபூஜியாடியன் பகுதியை நான்கு வட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வட்டத்தாருக்கும் ஒரு நிறத்தில் கைப்பட்டை. ஒரு வட்டத்தார் மறுவட்டத்துக்குள் போகலாகாது. காவலுக்குப் படைவீரர் ஆயிரத்துக்கு மேல் வந்தனர். இருப்புப்பாதையோ மூன்று அரசுகளின் கையில் இருந்தது: வடக்கே இரஷ்யர், தெற்கே ஜப்பானியர், பீகிங் வழியில் சீனர். மூவரையும் இணங்க வைத்துப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. நோயாளியோடு பழகியவர்களை வைக்க இடமில்லாமல், இரஷ்யரிடம் 120 சரக்குப் பெட்டிகளைக் கடன் வாங்கி, அவற்றில் தங்கவைத்துக் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்தார்கள்.

எல்லாவற்றிலும் கடியது பிணங்களின் சிக்கல். உறைந்த மண்ணில் குழி தோண்ட முடியவில்லை. ஏறத்தாழ 2,000 சவப்பெட்டிகளும் உடல்களும் வெட்டவெளியில் கிடந்தன. எரிப்பது சீனரின் முன்னோர் வழிபாட்டுக்குப் பெரும்பழி. வூ சக்கரவர்த்திக்கே விண்ணப்பம் அனுப்பினார். அரியணையில் இருந்தது ஐந்து வயது நிரம்பாத குழந்தை, ஆண்டது காப்பாட்சியர். அனுமதி வந்தது. ஜனவரி 31ஆம் நாள் எரியூட்டினார்கள். மார்ச்சு முதல் நாளோடு ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியா முழுவதும் மாண்டவர் ஏறத்தாழ 60,000 பேர்.

இவை யாவும் இனிதே நடந்தன என்று எண்ணவேண்டா. அடைக்கப்பட்ட ஏழைகள் அதை நன்மையாகக் கருதவில்லை. வீட்டில் ஒருவர் இறந்தால் குடும்பத்தையே பெட்டிக்குள் கொண்டுபோவார்கள் என்று அஞ்சி, இரவில் பிணத்தைத் தெருவில் போட்டுவிட்டு மறைந்தவர்கள் பலர். அவர்கள் மூடர்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வெளியே போனால் நோய், உள்ளே இருந்தால் பசி என்ற நிலையை நாமே பார்த்தவர்கள்.

2020 மார்ச்சு 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. நள்ளிரவு கடந்ததும் நாடே அடைபட்டது. கையாளப்பட்ட சட்டங்களுள் ஒன்று பம்பாய்ப் பிளேக்குக்காக ஆங்கிலேயர் 1897இல் இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டம். அப்போது நான்கே பிரிவுகள் கொண்டிருந்தது. அதில் அதிகாரம் உண்டு, தண்டனை உண்டு. அடைபட்டவனுக்குச் சோறு போடுவது யார் என்ற வரி இல்லை. அவ்வரியை அரசு தனி ஆணைகளால் எழுதவேண்டியிருந்தது: அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய், விலையில்லா அரிசி பருப்பு, அம்மா உணவகத்தில் உணவு. வேளாண்மைக்கு விலக்கு அளித்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் வயலுக்கு விலக்கு இருந்தும் சந்தைக்கு வண்டி இல்லை. எங்கள் பக்கத்தில் வெற்றிலை கொடியிலேயே பழுத்தது; பூவைப் பறித்து வரப்பில் கொட்டினார்கள். அவ்வாண்டு ஜூன் 12இல், எட்டு ஆண்டுகளுக்குப் பின் உரிய நாளில் மேட்டூர் அணை திறந்தபோதுதான் ஊரில் மூச்சு வந்தது.

முகக்கவசத்தின் கதையும் இதைப் போன்றதே. முதலில் அது மருந்துக்கடையில் கிடைக்கவில்லை. கிடைத்தபோது விலை எங்களுக்கு எட்டவில்லை. ஜூலை இறுதியில்தான் நியாயவிலைக் கடைகளில் ஆளுக்கு இரண்டு வீதம் வழங்கும் திட்டம் தொடங்கியது. கவசம் அணியாதவனுக்கு 200 ரூபாய் அபராதம் செப்டம்பரில் வந்தது. கொடுத்துவிட்டுத் தண்டித்தார்கள் என்ற அளவில் வரிசை சரியானதே. ஆயினும் நோய் மார்ச்சிலேயே வந்துவிட்டது. என் தாயார் மகளிர் குழுவோடு சேர்ந்து அப்போது கவசம் தைத்தார். தைத்த கூலி கைக்கு வரப் பல மாதங்கள் ஆயின. நான் எட்டாம் வகுப்பு. தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்றேன்.

வூவிடம் நான் பெரிதும் மதிப்பது ஹார்பினில் அவர் வென்ற நாலு மாதங்களை அன்று. அதன் பிறகு வந்த ஒன்பது ஆண்டுகளை. 1911 ஏப்ரலில் முக்டன் நகரில் 11 நாட்டு அறிஞர்கள் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கைதட்டலோடு ஓய்ந்துவிடாமல், 1912இல் வடமஞ்சூரியப் பிளேக் தடுப்புத் துறையை நிறுவினார். நோய் இல்லாத ஆண்டுகளில் மருத்துவமனைகள் கட்டினார், ஆட்களைப் பழக்கினார், மார்மட்டை ஆராய்ந்தார். இடையில் மன்னராட்சி வீழ்ந்தது, அரசுகள் மாறின, நிதி சுருங்கியது, துறை நிலைத்தது. 1920 - 21இல் அதே நோய் மறுபடி வந்தபோது கவசமும் மருத்துவமனையும் ஆட்களும் ஆயத்தமாக இருந்தனர். அம்முறை மாண்டவர் பத்தாயிரத்துக்குள். முன்னதில் ஆறில் ஒரு பங்கு! நோய் வந்தபின் ஊரை அடைக்க எந்த அரசாலும் முடியும். நோய் வராத ஆண்டில், யாரும் கேட்காதபோது, துணியும் பஞ்சும் வாங்கி அடுக்கிவைக்கும் அரசு அரிது. 1939லேயே நாட்டுக்கு வழிகாட்டியாகப் பொதுச் சுகாதாரச் சட்டம் கண்டது நம் சென்னை மாகாணம். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக் கிடங்கில் இன்று என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமையை அந்த வரலாறே நமக்குத் தருகிறது.

1915இல் சீன மருத்துவச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவராகவும், 1930 முதல் துறைமுகங்களின் தேசியத் தடுப்புக் காவல் துறைத் தலைவராகவும் வூ பணியாற்றினார். 1935இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. 1937இல் ஜப்பானியப் படையெடுப்பால் மலாயாவுக்குத் திரும்பி, ஈப்போ நகரில் சாதாரண மருத்துவராக அமர்ந்தார். நகருக்கு ஒரு நூலகம் வேண்டுமென்று வீடுவீடாக நன்கொடை திரட்டினார். எண்பது வயதிலும் நோயாளிகளைப் பார்த்தார். 1959இல் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். ஓய்வாக வாழலாம் என்று பினாங்கில் ஒரு வீடும் வாங்கியிருந்தார். 1960 ஜனவரி 21ஆம் நாள், பிறந்த தீவிலேயே காலமானார்.