திருநாவுக்கரசு சுவாமிகள்: நோயினின்று எழுந்த இசை

நோயினின்று தேறினாரைப் பிழைத்தெழுந்தார் என்று கூறுதல் உலக வழக்கு. அங்ஙனம் எழுந்தபின் புதியதொரு பணியை மேற்கொண்டு, அதனாலேயே மக்கள் நாவில் நிலைபெற்றவர் மிகச் சிலர். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசு சுவாமிகள் அச்சிலருள் தலையாயவர். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்துட் கூறிய முறைபற்றி அவர் சரிதத்தை ஈண்டுச் சுருக்கிச் சொல்லுவாம்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, வேளாண் குடியிலே, புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாய்ப் பிறந்தவர் அவர். பிள்ளைத் திருநாமம் மருணீக்கியார், தமக்கையார் திலகவதியார். பெற்றோர் இருவரும் மறைந்தனர். திலகவதியார்க்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் துறந்தார். தாமும் உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பியாரைத் தனியே விடலாற்றாது உயிர் தாங்கினார்.

மருணீக்கியார் அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார். பின்பு நிலையாமையை எண்ணி மெய்ப்பொருளை நாடிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்தார். கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரே அவ்விடம். அங்கே பல நூல்களையும் கற்று, வாதில் வென்று, தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை எய்தினார்.

அந்நிலையிலேதான் சூலை நோய் அவரைப் பற்றியது. குடரை முடக்கிய அவ்வலியைத் தீர்க்கப் பள்ளியிலுள்ளார் மந்திரித்த நீரைக் கொடுத்தனர். மயிற்பீலி கொண்டு தடவினர். நோய் மேலும் முறுகியதேயன்றித் தணியவில்லை. கற்ற நூலும் பெற்ற தலைமையும் உதவாத அவ்வேளையில் அவர் நினைவுக்கு வந்தவர் தமக்கையார். சமையற்காரரை அனுப்பி அழைத்தார். அம்மையார் பள்ளிக்கு வர உடன்படவில்லை. ஆதலின் அவரே பாயையும் குண்டிகையையும் பீலியையும் நீத்து, வெண்டுகில் உடுத்து, இரவோடிரவாகத் திருவதிகை சென்று அம்மையார் அடியில் வீழ்ந்தார். அம்மையார் கடியவில்லை, ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். திருக்கோயிலில் அலகிட்டு மெழுகும் தமது நாட்பணிக்குப் புறப்பட்டபோது தம்பியாரையும் உடனழைத்துச் சென்றார்.

வீரட்டானத்து இறைவன்முன் அவர் பாடிய பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. ஓதுவார்கள் இந்நாளில் அதனை நவரோசு இராகத்தில் பாடுவர். தம் வலியை ஒளியாது, தாங்கலாற்றாமையைச் சொல்லி முறையிடும் பாட்டு அது. நோய் நீங்கியது, நாவுக்கரசு என்னும் பெயரும் கிடைத்தது.

நோய் நீங்கியபின் அவர் ஓய்ந்திருந்தாரல்லர். உழவாரப்படை ஏந்திக் கோயில்தோறும் புல் செதுக்கினார், தலந்தோறும் பாடினார். பல்லவ மன்னன் நீற்றறையில் இட்டும், கல்லோடு பிணித்துக் கடலிலே தள்ளியும் அப்பாட்டு நிற்கவில்லை. சீகாழியிலே சம்பந்தப் பிள்ளையார் அவரை அப்பர் என்று அழைத்தனர். முதுமையிற் கயிலைக்கு நடந்து, பாதம் தேயக் கையால் ஊன்றியும், மார்பால் ஊர்ந்தும் செல்ல முயன்றார். ஒருகால் நோயால் தரையிற் புரண்ட உடம்பே பின்பு அன்பினால் தரையிற் புரண்டது. 81 ஆண்டு வாழ்ந்து, சித்திரைச் சதயத்திலே திருப்புகலூரில் இறைவனடி சேர்ந்தார் என்பது மரபு.

இன்று நமக்குக் கிடைப்பன நான்காந் திருமுறையில் 113, ஐந்தாவதில் 100, ஆறாவதில் 99, ஆக 312 பதிகங்கள். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலிலே திருப்பதியம் பாட 48 பிடாரரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்தான் என்று கல்வெட்டுக் கூறும்.

கொட்டியாரக் குடாவின் இக்கரையிலே கிண்ணியாவிலும் ஆலங்கேணியிலும் வாழும் நாம் அக்கரையிலுள்ள கோணேசர் மலையை நினைத்துத் தொழுகின்றோம். 1624 இல் போர்த்துக்கீசர் அக்கோயிலை இடித்தனர்; சம்பந்தர் அதன்மேற் பாடிய பதிகம் அழியவில்லை. கல்லினும் பண் வலிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நோயுற்றார் மருத்துவம் செய்துகொள்ளுதல் கடமை. அதனோடு, நோயே தம் வாழ்வின் முடிவென்று எண்ணி மனமுடையாதிருத்தலும் கடமையாம். நோயாளரின் அருகிருப்போர் திலகவதியாரை நினைப்பாராக. பிரிந்து சென்றவரை அவர் பழி சொல்லி வரவேற்றிருப்பின், நாவுக்கரசரின் பாட்டு நமக்குக் கிடைத்திராது. நம் இல்லங்களிற் படுக்கையிற் கிடப்போர் அருகே இருந்து, மாலைதோறும் ஒரு பதிகமேனும் பண்ணோடு பாடுவோமாக.