எர்லிக் பெயர் வைத்தார். புழுக்களோடு சண்டை போடுவது பிறகுதான் தெரிந்தது!

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஈசினோபில் என்று ஒரு வரி இருக்கும். அந்த எண் கூடியிருந்தால், வயிற்றில் பூச்சி இருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிடும். அந்த அணுவுக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக். ஆனால், புழுவுக்கும் அவர் வைத்த பெயருக்கும் சம்பந்தமே இல்லை!

சாயப் பைத்தியம்

எர்லிக் 1854 மார்ச் 14 அன்று, இன்று போலந்தில் உள்ள ஸ்ட்ரேலன் ஊரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். உறவினர் கார்ல் வைகர்ட் திசுக்களுக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தவர். அந்த ஆர்வம் எர்லிக்கையும் தொற்றிக்கொண்டது.

1878-ல் முடித்த ஆய்வேட்டில், துகள்கள் நிறைந்த ஓர் அணுவை விவரித்தார். நன்றாகத் தின்று கொழுத்த அணு என்று நினைத்து, 'மாஸ்ட்' அணு என்றார். அடுத்த ஆண்டே, ஈசின் சாயத்தை இழுத்துச் சிவக்கும் வெள்ளை அணுவை அடையாளம் கண்டார். அதுதான் ஈசினோபில்.

புழு வந்தால் என்ன ஆகும்?

பாக்டீரியாவை வெள்ளை அணு விழுங்கிவிடும். புழுவை எப்படி விழுங்குவது? அது அணுவைவிடப் பல மடங்கு பெரிசு. அதனால் உடம்பு வேறு வழியில் போகிறது. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் பெருகுகிறது. இது மாஸ்ட் அணுக்களின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. புழுவின் புரதம் அதில் பட்டதும் மாஸ்ட் அணு ஹிஸ்டமின் உள்ளிட்ட ரசாயனங்களைக் கொட்டுகிறது. குடலில் சளி சுரக்கிறது, குடல் வேகமாகச் சுருங்கிப் புழுவை வெளியே தள்ளப் பார்க்கிறது. திசுவுக்குள் நுழைந்த புழுக்களைச் சுற்றி ஈசினோபில்கள் குவிந்து, நச்சுப் புரதங்களைக் கொட்டுகின்றன. புழுக்களும் லேசுப்பட்டவை அல்ல; எதிர்ப்பைத் தணிக்கும் பொருட்களைச் சுரந்து வருடக்கணக்கில் தங்கிவிடும்.

தெரியாமலே போனார்

எர்லிக்குக்கு 1908-ல் நோபல் பரிசு கிடைத்தது எதிர்ப்பொருள் ஆய்வுக்காக. அணுக்கள் கிருமியை விழுங்குவதைக் காட்டிய மெச்னிகாஃபோடு அதைப் பகிர்ந்துகொண்டார். 1910-ல் சிபிலிஸ் நோய்க்கு சால்வர்சான் மருந்தும் தந்தார். 1915-ல் இறந்தார். ஐஜிஇ கண்டறியப்பட்டதோ 1960-களில்தான். இளம் வயதில் அவர் கண்ட இரண்டு அணுக்களும் இதே சண்டையில் கைகோப்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும்...

இதே அணுக்கள்தான் ஒவ்வாமையிலும் ஆஸ்துமாவிலும் கிளம்புகின்றன. எனவே ஈசினோபில் கூடினாலே புழு என்று அர்த்தமில்லை. குடலுக்குள்ளேயே இருக்கும் சில புழுக்களால் அது கூடாமலும் இருக்கலாம். தேவைப்பட்டால் மலப் பரிசோதனையும் செய்து, டாக்டர் சொன்ன பிறகு மாத்திரை போடுவதே சரி.